அடுத்த வீட்டு இசைக்குழு

பழைய பாட்டைப் பாராட்டுவது எளிது. காலம் என்னும் சுளகு அதனைப் புடைத்துப் பதரை நீக்கி, மணியை மட்டும் எம் கையிலே தந்திருக்கின்றது. நாம் தலையசைத்தாற் போதும். புதிய பாட்டைப் பாராட்டுவது அவ்வாறன்று. அதிற் பதரும் உண்டு, மணியும் உண்டு. இன்னதென்று பிரித்தறியும் பொறுப்பு கேட்பவர் தலையிலே விழுகின்றது. அந்தப் பொறுப்புக்கு அஞ்சியே பலரும் பாட்டுத் தொடங்குமுன் காதைப் பொத்திக்கொள்கின்றனர். இவ்வாரம் அக்காதுகளைச் சற்றே திறக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்ள எண்ணுகின்றோம்.

காரணம் எமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் தெஹிவளையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில் வாழும் ஓர் அம்மையார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கின்றார். அவருடைய மூத்த மகன் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்று, கணக்காய்வு நிறுவனமொன்றிற் பயிலுநராகச் சேர்ந்திருக்கின்றான். மாலையில் அவன் வீடு திரும்பியதும் நண்பர் இருவர் வந்துவிடுகின்றனராம். ஒரு மடிக்கணினி, ஒரு கீபோர்ட், ஓர் ஒலிவாங்கி. இவ்வளவே அவர்களது சொத்து. அறைக் கதவு சாத்தப்படுகின்றது. உள்ளே மேளம் இல்லை, ஆனால் மேளம் கேட்கின்றது. வயலின் இல்லை, ஆனால் வயலின் கேட்கின்றது. பூமியிலுள்ள எந்த வாத்தியத்துக்கும் சேராத ஓசைகளும் கேட்கின்றன. அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், “தெஹிவளைக்கு ஒரு மிருகக்காட்சிச்சாலை போதாதா, பிள்ளை?” என்று வேலிக்கு மேலாகக் கேட்டுவிட்டாராம்.

இதுவரை சிரிக்கத்தக்க விடயம். அடுத்து வருவது அவ்வாறன்று. மகனுடைய அடுத்த கட்டப் பரீட்சைக்கும் வகுப்புக்களுக்குமென்று அம்மையார் ஒரு தொகையை வங்கியிலே சேர்த்து வைத்திருக்கின்றார். கணவர் வளைகுடா நாடொன்றில் உழைத்து அனுப்பிய பணம் அது. மகன் இப்போது அந்தப் பணத்தைக் கேட்கின்றான். நல்ல சிந்தசைசர் ஒன்று வாங்கினால் தமது குழு மேடையேறிவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. கணவரோ தொலைபேசியில் “உன் விருப்பம்” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். “கொடுத்தால் அவன் எதிர்காலத்தைக் கெடுத்தவளாவேனா? கொடாவிட்டால் அவன் மனத்தை முறித்தவளாவேனா?” என்று கேட்கும் அம்மையார், பிள்ளைகள் பதிவுசெய்த இரண்டு பாட்டுக்களையும் எமக்கு அனுப்பியிருக்கின்றார். அவற்றைக் கேட்டோம். எமது அபிப்பிராயத்தைப் பின்னர் சொல்வோம்.

முதலில் அயல்வீட்டுப் பெரியவரின் கட்சியை எடுத்துக்கொள்வோம். இயந்திரத்தில் எழும் ஓசை இசையாகுமா என்பதே அவர் கேள்வியின் உட்பொருள். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபத்திலோ ஓர் அரங்கேற்றத்துக்குச் சென்றவர்கள், பாடகியின் அருகே இருக்கும் சிறு பெட்டியைக் கவனித்திருப்பர். அதுவே இலத்திரனியற் சுருதிப்பெட்டி. பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண் என்னும் பொறியியலாளர் 1979ஆம் ஆண்டளவில் அதனை உருவாக்கினார். அதற்கு முன்னர் தம்புராவை மீட்டுவதற்கு ஒருவர் பின்னால் அமர்ந்திருப்பார். இப்போது மின்சாரம் அமர்ந்திருக்கின்றது. மின்சாரச் சுருதியின் மேல் தியாகையரைப் பாடலாமென்றால், மின்சாரத் தாளத்தின் மேல் தெஹிவளைப் பிள்ளைகள் தம் மனத்தைப் பாடுவதிற் குற்றம் என்ன?

புதிய கருவியைக் கண்டு பெரியோர் முகஞ்சுளிப்பதும் புதிய வழக்கமன்று. ஆர்மோனியம் மேனாட்டிலிருந்து வந்த பெட்டி. கமகத்துக்கு இடங்கொடாதது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. 1971 வரையில், ஏறத்தாழ முப்பது வருட காலம், அத்தடை நீடித்தது. அதே காலத்தில் எம் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடைகளிலோ ஆர்மோனியம் ஒலியாத இரவு இல்லை எனலாம். வயலினும் கடல் கடந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்றுக் கர்நாடக இசைக்குத் தந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை ‘பக்கவாத்தியம் குறைந்த கச்சேரி’ என்கின்றோம்.

இனி, ‘இலத்திரனியல் பொப்பிசை’ என்று வழங்கும் இவ்விசையின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்வோம். வீணையில் தந்தி அதிர்கின்றது. குழலில் காற்று அதிர்கின்றது. சிந்தசைசரில் மின்னோட்டம் அதிர்கின்றது. அவ்வதிர்வை வேண்டியவாறு கூர்மையாக்கலாம், மழுக்கலாம், நீட்டலாம், வெட்டலாம். ஒரு தாளக்கட்டை ஒருமுறை அமைத்துவிட்டால், இயந்திரம் களைப்பின்றி அதனைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். இந்தக் கருவிகளையே முதன்மையாக வைத்துப் பொதுமக்கள் முணுமுணுக்கத்தக்க பாட்டை இயற்றுவதே இக்கலை. ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்துக் ‘கிராஃப்ட்வேர்க்’ குழு 1974இல் ‘ஓட்டோபான்’ என்னும் இசைத்தட்டினால் இதற்கு உலகப் புகழ் தேடிக்கொடுத்தது. ஜப்பானில் ‘யெல்லோ மஜிக் ஓர்க்கெஸ்ட்ரா’ என்னும் மூவர் குழு 1978இல் தோன்றியது.

தமிழர் காதுக்கும் இது புதியதன்று. 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி கொண்டு இசையமைத்தார். 1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் ஏ. ஆர். ரகுமான் வெளிப்பட்டார், இலத்திரனியற் கருவிகளை அவர் கையாண்ட திறத்தை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. இன்று ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளின் இயந்திரச் சத்தம்’ என்று குறைகூறும் தகப்பன்மார் பலர், தம் இளமையிற் காதற்கடிதம் எழுதியபோது பின்னணியில் ஒலித்ததும் அந்த இயந்திரமே என்பதை மறந்துவிடுகின்றனர்.

இத்தனைக்கும் மேலாக, தெஹிவளை ஒழுங்கைகளில் நாள்தோறும் ஓர் இலத்திரனியற் கச்சேரி நடைபெறுகின்றது. பாண் விற்க வரும் முச்சக்கர வண்டி எழுப்பும் மெட்டு பீத்தோவன் 1810ஆம் ஆண்டில் எலீஸ் என்பவருக்காக இயற்றிய பியானோத் துண்டு. அந்த மேதையின் படைப்பு எம் ஒழுங்கைக்குள் வந்ததும் இயந்திரத்தின் வாயிலாகவே. அதைக் கேட்டதும் நாம் முகஞ்சுளிப்பதில்லை. சில்லறையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுகின்றோம்.

ஆகவே கருவியைப் பற்றிய வழக்கை இத்துடன் தள்ளுபடி செய்யலாம். கருவி எதுவாயினும், அதனைக் கொண்டு பிள்ளைகள் என்ன சொல்கின்றார்கள் என்பதே கேள்வி. அதை யார் கேட்கின்றார்கள் என்பது அதனினும் பெரிய கேள்வி. ஏனெனில் இசைக்குழு ஒன்று வளர்வதற்கு வாசிப்பவர் மாத்திரம் போதார். தக்க தருணத்திற் கேட்டு, ‘இதோ, இவர்களைக் கேளுங்கள்’ என்று ஊருக்குச் சொல்பவர் ஒருவரும் வேண்டும்.

இந்நாட்டிலேயே அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் ‘மூன்ஸ்டோன்ஸ்’ என்னும் பெயரிற் சில சிங்கள இளைஞர்கள் கூடிப் பாடிவந்தனர். கிளேரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் அவர்களுள் முதன்மையானவர்கள். மின்சாரக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று கிளேரன்ஸ் பெயர் பெற்றவர். அக்காலத்துக்கு அதுவும் ‘இயந்திரச் சத்தம்’ தான். இலங்கை வானொலி அறிவிப்பாளர் விஜய கொரெயா அவர்களைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல் வானலையில் ஏற்றி நாட்டுக்கு அறிமுகஞ்செய்தார். கிளேரன்ஸ் 1996இல் காலமானார். அவர் மெட்டுக்களோ இன்றும் கொழும்பிலிருந்து மாத்தறை வரை சுற்றுலாப் பஸ்கள் தோறும் ஒலிக்கின்றன. அன்று ஓர் அறிவிப்பாளர் ‘இது எமக்கு வேண்டாத வேலை’ என்று இருந்திருப்பாரேயானால், அந்தப் பாட்டுக்கள் எத்தனை வருடம் பிந்தியிருக்குமோ யாரறிவார்?

தமிழ்ப் பக்கத்திலும் அத்தகைய ஒரு பொற்காலம் இருந்தது. விவசாயக் கல்வி கற்ற நித்தி கனகரத்தினம் கிற்றாரைக் கையிலெடுத்து, எம் ஊர்ப் பேச்சிலே ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடினார், தமிழும் சிங்களமும் ஒரே மெட்டிற் கைகோத்து ஆடின. இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை என்று ஓர் இனமே உருவாயிற்று. வானொலி அதனை வீடுதோறும் கொண்டுசென்றது. ‘சுராங்கனி’யின் மெட்டுப் பாக்குநீரிணையைக் கடந்து, 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் ஏறியது. வழமையாகத் தமிழகத்திலிருந்து இங்கு வரும் பாட்டு, அன்று இங்கிருந்து அங்கு போயிற்று. ‘சிலோன் மனோகர்’ என்று இந்தியா முழுவதும் அறியப்பட்ட அக்கலைஞர் 2018இற் சென்னையிலே காலமானார்.

உரிய காலத்தில் யாரும் கேளாதுவிட்டால் என்ன நிகழும் என்பதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர் சரண்ஜித் சிங். அவர் ஜப்பானிய ‘ரோலண்ட்’ நிறுவனத்தின் மூன்று கருவிகளை வைத்துக்கொண்டு, 1982இல் பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்திற் பதிவுசெய்தார். பைரவி, யமன் போன்ற ஹிந்துஸ்தானி இராகங்கள் மின்சாரக் குரலெடுத்து நெளிந்தோடும் அதிசயம் அது. இசைத்தட்டு வெளிவந்தது, வாங்குவார் அரிது, மறக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளின் பின், 1987இல், அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து இளைஞர்கள் அதே கருவிகளுள் ஒன்றினாற் புதியதோர் இசை வகையைத் தோற்றுவித்தனர்; உலகம் துள்ளிக் குதித்தது. பம்பாயில் ஒருவர் அந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்திருந்தாரென்பதை எவரும் அறியார். ஒல்லாந்துத் தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் பழைய தட்டைக் கண்டெடுத்து, 2010இல் மறுபதிப்பாக வெளியிட்ட பின்னரே சரண்ஜித் சிங்கின் பெயர் உலகெங்கும் பேசப்பட்டது. இருபத்தெட்டு வருட மௌனம்! முதிய வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் ஏறினார், 2015இல் மறைந்தார். திறமைக்குக் குறைவில்லை, கேட்டுச் சொல்வார் இல்லாமற் போயினர். அவ்வளவே.

எம்மவர் பிள்ளைகள் இருவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் மாதங்கி மாயா அருள்பிரகாசம். உலகம் அவரை ‘எம்.ஐ.ஏ.’ என்று அறியும். 1975இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போரினால் 1986இல் மீண்டும் இலண்டனுக்கு அகதியாகச் சென்றவர். அவருடைய தொடக்கக் கருவிகள் எவை என்று தெஹிவளை அம்மையார் கவனிக்க வேண்டுகின்றோம். பழைய நாடாப் பதிவுப்பெட்டி ஒன்று, ரோலண்ட் தாள இயந்திரம் ஒன்று, ஒலிவாங்கி ஒன்று. அவற்றைக் கொண்டு ஆறு பாட்டுக்கள் பதிவுசெய்தார். அவருடைய முதற் பாட்டு 2003இல் இசைத்தட்டாக வந்தபோது அச்சிடப்பட்டவை ஐந்நூறு பிரதிகள் மட்டுமே. கேட்டவர்கள் கேளாதவர்களுக்குச் சொல்ல, இணையத்தின் வழியே அது பரந்தது. 2005இல் தகப்பனாரின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையும், 2007இல் தாயாரின் பெயரான ‘கலா’ என்பதையும் தம் இசைத்தொகுப்புக்களுக்குச் சூட்டினார். அவருடைய அரசியற் கருத்துக்களோடு உடன்படுவோரும் உண்டு, முரண்படுவோரும் உண்டு. ஐந்நூறு தட்டுக்களோடு தொடங்கிய ஓர் ஈழத்துப் பெண்ணின் குரல் உலகத்தை எட்டியது என்பதிலோ முரண்பாடில்லை.

மற்றவர் பிரியா ராகு. சுவிற்சர்லாந்தில் குடியேறிய இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகள். தகப்பனாரும் உறவினரும் தமிழ்ச் சினிமாப் பாட்டுக்களை வைபவங்களில் இசைக்கும் குழு நடத்திவந்தனர். அச்சூழலிலேயே பிரியாவும் அவருடைய சகோதரரும் வளர்ந்தனர். அச்சகோதரர் இன்று ‘ஜஃப்னா கோல்ட்’ என்னும் புனைபெயரிற் பிரியாவின் பாட்டுக்களுக்கு இசையமைக்கின்றார். மேனாட்டு ‘சோல்’ இசையும், இலத்திரனியற் தாளமும், தமிழ்ச் சினிமா மெட்டின் சாயலும், இடையிடையே தமிழ்ச் சொற்களும் ஒன்றாகக் குழைந்த பாட்டுக்கள் அவை. விமான நிறுவனமொன்றிற் கொள்வனவு உத்தியோகம் பார்த்துக்கொண்டே பிரியா அவற்றைப் பாடிவந்தார். 2020இல் ‘குட் லவ் 2.0’ என்னும் பாட்டுப் பலர் கவனத்தை ஈர்த்தது. பெரிய இசை நிறுவனமொன்று அவரை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே உத்தியோகத்தை விட்டார். 2023இல் வெளிவந்த அவருடைய முழு இசைத்தொகுப்பின் பெயர் ‘சந்தோசம்’. தமிழ்ச் சொல்லொன்று, மொழிபெயர்ப்பின்றி, ஐரோப்பிய இசைக்கடைகளில் நிற்கின்றது. நேயர்கள் கேட்டிராவிடில் இவ்வாரமே கேட்குமாறு சிபாரிசு செய்கின்றோம்.

இவ்விருவரும் எம்மவர் என்று பெருமைப்படுகின்றோம். பெருமைப்படுவதிலே தவறில்லை. ஆயினும் இலண்டனும் சூரிச்சும் கேட்டுச் சொன்ன பின்னரே எம் காதுக்கு அவர்கள் எட்டினர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறர் முத்திரை குத்தி அனுப்பினாலன்றி எம் பிள்ளையின் பாட்டை நாம் பாட்டென்று நம்புவதில்லை. 2021இல் யொஹானியும் சதீஷனும் பாடிய ‘மெனிக்கே மகே ஹித்தே’ கோடிக்கணக்கானோரைக் கவர்ந்தது. இந்தித் திரை நட்சத்திரங்கள் புகழ்ந்த பிறகே அதைத் தேடிக் கேட்டவர்கள் கொழும்பிலும் எத்தனையோ பேர்.

இப்போது அம்மையாரின் கேள்விக்கு வருவோம். எமது விடை நேரானது: பரீட்சைப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். அது மகனுடைய இசையைத் தடுப்பதற்காகவன்று; அந்தப் பணம் அவனுடைய இசைக்குத் தேவையில்லை என்பதற்காக. சிக்காகோ இளைஞர்கள் புதுவகை இசை செய்த பெட்டி, விற்பனையாகாமல் 1984இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட கருவி. பழைய பொருட் கடைகளில் மலிவாகக் கிடைத்தமையாற்றான் அவர்கள் கைக்கு வந்தது. எம்.ஐ.ஏ.யின் பதிவுப்பெட்டியும் பிறர் பாவித்து விட்டதே. இன்று ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள், அந்த நாட்களிற் பெருஞ்செல்வர் மாத்திரம் வாங்கக்கூடியதாயிருந்த ஒலிகளைத் தருகின்றன. குழுவிடம் மேடையேறப் பத்துப் பாட்டு இருந்து, கருவி மாத்திரம் குறையாக இருந்தால் அது வேறு பேச்சு. இருப்பவை இரண்டு பாட்டு. பத்துப் பாட்டைச் செய்யட்டும். பிறகு கருவியைப் பற்றிப் பேசலாம்.

உத்தியோகமும் பாட்டும் ஒன்றையொன்று கொல்லும் என்ற எண்ணத்தையும் மகன் விட்டுவிட வேண்டும். பிரியா ராகு சம்பளம் வாங்கிக்கொண்டே பாடினார். சரண்ஜித் சிங் பிறர் படங்களுக்கு வாசித்துக் குடும்பம் நடத்தினார். மாதச் சம்பளம் வருகின்ற பிள்ளைக்குப் பிடித்ததைப் பாடும் சுதந்திரம் உண்டு. சம்பளமில்லாதவன் கலியாண வீட்டார் கேட்பதையெல்லாம் பாடியாக வேண்டும். ‘கணக்காய்வு என் கலைக்கு விலங்கு’ என்று மகன் சொன்னால், ‘அதுவே உன் கலைக்குக் கஞ்சி வார்க்கின்றது, ராசா’ என்று தாயார் சொல்லலாம்.

ஆயினும் பணத்தைக் கொடாத தாயார் வேறு சிலவற்றைக் கொடுக்கத்தான் வேண்டும். முதலாவது, அறை. வாரத்தில் மூன்று மாலைகள் அந்த அறை அவர்களுடையது. விருந்தினர் வந்தாலும் அவர்களுடையது என்று வகுத்துவிடுக. இரவு ஒன்பது மணிக்குப் பின் காதொலிப்பானை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அயல்வீட்டுப் பெரியவருக்காக நிபந்தனையாக்குக. இந்த இசைக்கு அப்படியொரு நற்குணம் உண்டு. மேளத்தைப் போலன்றி, ஊர் உறங்கும்போது வாசிப்பவர் காதுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இரண்டாவது, காது. மாதத்தில் ஒருநாள் அவர்கள் செய்ததைத் தாயார் முழுவதுமாக அமர்ந்து கேட்க வேண்டும். விளங்காவிட்டாலும் கேட்க வேண்டும். கணவருக்கும் தொலைபேசியிற் கேட்பிக்க வேண்டும். “உன் விருப்பம்” என்று ஒதுங்கிய தகப்பனாருக்குத் தம் பிள்ளையின் குரல் கடல் கடந்து வந்தால் ஒதுங்கி நிற்க மனம் வராது.

அனுப்பிய இரண்டு பாட்டுக்களையும் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தோம். இரண்டாவது பாட்டை ஒருமுறை கேட்டோம். சென்னையிற் செய்யப்படும் சினிமாப் பாட்டுப் போலவே இருக்கின்றது. சென்னையில் அதனை இவர்களைவிட நன்றாகச் செய்கின்றார்கள். முதலாவது பாட்டையோ ஐந்து முறை கேட்டோம். கடற்கரைப் புகையிரதம் தண்டவாளத்தில் ஓடும் ஓசையைப் பதிவுசெய்து, அதையே தாளமாக்கியிருக்கின்றார்கள். நடுவிலே பாண் வண்டியின் மெட்டு மங்கலாக வந்து, வேறு சுருதிக்கு மாறி, ஒரு தமிழ்ப் பாட்டின் பல்லவியாகவே ஆகிவிடுகின்றது. கேட்டபோது, நாம் எத்தனையோ மாலைகளில் நடந்த அதே ஒழுங்கைகளை முதன்முறை கேட்பதுபோல் இருந்தது. குறை ஒன்று உண்டு. பாடும் பிள்ளையின் குரலை எதிரொலிக்குள் அமிழ்த்திவிட்டார்கள்; சொற்கள் தெளியவில்லை; ளகரமும் ழகரமும் ஒன்றாய்க் கரைகின்றன. சொல்லுவதற்கு வெட்கப்படுபவர்களே குரலை மறைப்பர். இப்பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை. குரலை முன்னுக்குக் கொண்டுவருவார்களாக.

ஒரு குழுவை ஆதரிப்பது என்று நாம் சொல்வதும் இதுவே. முதுகைத் தட்டி ‘ஆகா’ என்பது ஆதரவன்று. நல்லதை நல்லதென்றும் அல்லாததை அல்லாததென்றும் சொல்லி, அடுத்த பாட்டையும் கேட்க வருவதே ஆதரவு.

இனி எஞ்சிய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் இப்படிப்பட்ட அறைகள் இன்னும் எத்தனையோ இருத்தல் கூடும். கதவுகள் சாத்தியிருப்பதால் நாம் அறியோம். கலியாண வீட்டுக்கு இசைக்குழுவை அழைப்பவர்கள், முப்பது சினிமாப் பாட்டுக்களுக்கு இடையில் அவர்களுடைய சொந்தப் பாட்டு ஒன்றையும் பாடுமாறு கேட்கலாம். பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் கால் மணி நேரத்தை இத்தகையோருக்கு ஒதுக்கலாம். தமிழ் வானொலி நிலையங்கள் வாரத்தில் ஒரு மணி நேரத்தை உள்ளூரிற் பிறந்த புதுப்பாட்டுக்கென வைத்தால், நேயர்கள் எழுதியும் அழைத்தும் அதனை வாழவைக்கலாம். நுழைவுச்சீட்டு விற்கும் இளைஞரிடம் ‘இலவசப் பாஸ் இல்லையா, தம்பி?’ என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுவோமாக. ஒரு நுழைவுச்சீட்டின் பெறுமதி இரண்டு கொத்துரொட்டிக்கு மேற் போவதில்லை.

தெஹிவளைக் குழுவினர் தமக்கு இன்னும் ஒரு பெயர் வைக்கவில்லையாம். மூவருக்கும் அதிலே கருத்து வேறுபாடு. அவசரப்பட வேண்டாம். அடுத்த எட்டுப் பாட்டுக்களையும் ஒவ்வொன்றாக எமக்கு அனுப்பி வைக்கட்டும், கேட்டு எழுதுவோம். அயல்வீட்டுப் பெரியவருக்கும் ஒரு பிரதி கொடுக்குமாறு அம்மையாரைக் கேட்டுக்கொள்கின்றோம். பாண் வண்டிப் பல்லவி அவருக்கும் பிடிக்கும் என்பது எமது துணிபு.